பொலிஸ் வண்டியும் நின்றுபோன மூச்சும்

வேலையிடத்து முதலுதவி வகுப்பில் ரப்பர் பொம்மையின் தலையைப் பின்னுக்குச் சரித்து, வாயில் மூச்சு ஊதிப் பழகினேன். இதை நிலைநாட்டியவர்களில் ஒருவரான பீற்றர் சஃபாரைப் பற்றிப் பிறகுதான் வாசித்தேன். வியன்னாவில் பிறந்து, 1949இல் அமெரிக்கா போன மயக்கமருந்து வைத்தியர்.

1950களின் கடைசிவரை மூச்சு நின்றவரைக் குப்புறக் கிடத்தி முதுகை அமத்துவதுதான் வழக்கம். சஃபார், தாமாக முன்வந்தவர்களுக்குத் தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்து ஏற்றிச் சோதித்தார் (இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரி விடும்?). மயங்கியவரின் நாக்கே தொண்டையை அடைக்கும். தலையைச் சரித்து நாடியை உயர்த்தினால் வழி திறக்கும். நாங்கள் வெளிவிடும் மூச்சிலும் ஏறக்குறைய 16 வீதம் ஒக்சிசன் இருக்கிறது. அது போதும்.

1966இல் அவருடைய சின்ன மகளே ஆஸ்துமாவால் செத்துப்போனாள்.

அப்போது பிற்ஸ்பேர்க்கில் நோயாளியை ஏற்றியது பொலிஸ் வண்டி. பின்னால் கிடப்பவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்க ஆளில்லை. 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் அம்புலன்ஸ் தொடங்கியது. சஃபார் பயிற்சி கொடுத்தது பெரும்பாலும் வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு. தொண்டைக்குள் குழாய் இறக்கவும் அந்தப் பெடியள் பழகினார்கள். 1975இல் நகரம் தன் சொந்தச் சேவையைத் தொடங்கியது, இது மூடப்பட்டது. புதிய சேவைக்குள் எடுக்கப்பட்டவர்களிலும் பலர் நிலைக்கவில்லை.

எங்கள் வகுப்பில் இவர்களைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை.