இறங்கு வழியில் காத்திருக்கும் ஆபத்து

மலையேற்றம் என்றவுடன் உச்சியை நோக்கிய போராட்டந்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஏறுவது கடினம், இறங்குவது எளிது என்பது பொதுவான எண்ணம். தனியே மலைக்குச் சென்று சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பியவர்களின் வரலாறோ இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. மூன்று நூற்றாண்டுகளிலிருந்து மூன்று நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

மாட்டர்ஹார்ன், 1862

எட்வர்டு விம்ப்பர் லண்டனைச் சேர்ந்த மரச்செதுக்கு ஓவியர். 1862 ஜூலையில், தமது 22-ஆம் வயதில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மாட்டர்ஹார்ன் சிகரத்தில் (4,478 மீட்டர்) இத்தாலியப் பக்கமாகத் தனியே ஏறினார். உச்சியை எட்டவில்லை, ஆனால் நெடுந்தூரம் ஏறிவிட்டார். மறுபடியும் வரப்போகிறோமே என்று பனிக்கோடரியைக் கூடாரத்தில் வைத்துவிட்டு, கைத்தடியுடன் இறங்கினார். கெட்டிப்பட்ட பனிச்சரிவில் கால் வழுக்கியது. ஏழெட்டு முறை பாறையில் மோதித் தெறித்து, ஏறத்தாழ 60 மீட்டர் கீழே வந்து நின்றார். இன்னும் 3 மீட்டர் உருண்டிருந்தால் பெரும் பள்ளம். தலைக்காயத்தின் மேல் பனிக்கட்டியை வைத்து அழுத்தி இரத்தத்தைத் தடுத்தார். பின் மயங்கிப் போனார். விழித்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டிலேயே இறங்கி ஊர் வந்து சேர்ந்தார்.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1865 ஜூலை 14 அன்று, விம்ப்பர் உட்பட எழுவர் முதன்முதலாக அச்சிகரத்தை வென்றனர். இறங்கும்போது ஒருவர் வழுக்க, கயிறு அறுந்து நால்வர் மாண்டனர்.

நங்க பர்வதம், 1953

1953 ஜூலை 3 அதிகாலை 2.30 மணிக்கு, சுமார் 6,900 மீட்டர் உயரத்திலிருந்த கடைசி முகாமிலிருந்து ஆஸ்திரிய வீரர் ஹெர்மன் பூல் தனியே புறப்பட்டார். மாலை 7 மணியளவில் 8,126 மீட்டர் உயரமுள்ள உச்சியில் நின்றார். அதுவரை மனிதர் எவரும் கால் வைக்காத இடம் அது. உயிர்வளிக் கலம் இல்லை. வந்ததற்குச் சான்றாகப் பனிக்கோடரியை அங்கேயே நட்டுவிட்டு இறங்கத் தொடங்கினார். வழியில் ஒரு காலின் பனிமுள் கழன்று போயிற்று. இருள் சூழ்ந்தது. சுமார் 8,000 மீட்டர் உயரத்தில், உட்காரவும் இடமில்லாத பாறை விளிம்பில், கூடாரமும் போர்வையுமின்றி இரவு முழுவதும் நின்றார். புறப்பட்டு ஏறத்தாழ 41 மணி நேரம் கழித்து முகாமுக்குத் திரும்பினார். கால் விரல்கள் இரண்டை இழந்தார், உயிர் தப்பியது.

அந்த இரவில் காற்று வீசாததே அவரைக் காத்தது. உடலை ஒட்டிய மெல்லிய காற்றுப்படலம் உடல் வெப்பத்தால் சூடேறி, போர்வைபோல் செயல்படுகிறது. காற்று வீசினால் அப்படலம் கலைந்து வெப்பம் விரைந்து வெளியேறும். பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்னும் அமெரிக்கர்கள் அன்டார்க்டிகாவில் நீர் நிரப்பிய சிறு உருளையைக் காற்றில் தொங்கவிட்டு, நீர் உறைய ஆகும் நேரத்தைக் கொண்டு இதை அளந்தனர். முடிவுகள் 1945-இல் வெளியாயின.

மலம்புழை, 2022

2022 பிப்ரவரி 7 அன்று, கேரளத்தின் பாலக்காட்டை அடுத்த மலம்புழையில் ஓர் இளைஞர் நண்பர்களுடன் சேராடு மலைக்குச் சென்றார். நண்பர்கள் பாதியில் நின்றுவிட, அவர் மட்டும் மேலே போனார். இறங்கும்போது வழுக்கி, செங்குத்தான பாறையின் பிளவு ஒன்றில் சிக்கிக்கொண்டார். கைப்பேசியில் தம் நிலையைத் தெரிவித்தார். ஹெலிகாப்டர் முயற்சி பலிக்கவில்லை. குன்னூரை அடுத்த வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இராணுவத்தினர் வந்தனர். 9-ஆம் தேதி காலை ஒரு வீரர் கயிற்றில் இறங்கி, அவருக்குத் தண்ணீர் கொடுத்து, தம்முடன் பிணைத்துக்கொண்டார். இருவரும் மேலே இழுக்கப்பட்டனர். இளைஞர் அந்தப் பிளவில் இரண்டு இரவுகளைக் கழித்திருந்தார்.

சரிவின் கணக்கு

மூன்று நிகழ்ச்சிகளிலும் விபத்து இறங்கும்போதே நேர்ந்தது. களைப்பும் இருட்டும் மட்டுமா காரணம்? பௌதிகமும் ஒரு காரணம் கூறுகிறது.

சரிவான பரப்பில் நம்மை நிறுத்துவது உராய்வு. சரிவு ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கால் வழுக்கும். அந்த அளவே உராய்வுக் கோணம். ரப்பர் செருப்புக்கும் உலர்ந்த பாறைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.7 என்று கொண்டால், கோணம் 35 பாகை. பாசியோ ஈரமோ இருந்தால் இது வெகுவாகக் குறையும். பனிக்கட்டியில் குணகம் 0.1 எனின், கோணம் 6 பாகைக்கும் குறைவே. பனிக்கோடரியின் அருமை இப்போது விளங்கும்.

தென்னாட்டுப் பாறைக் குன்றுகள் பல, கவிழ்த்த கிண்ணம் போன்றவை. 200 மீட்டர் ஆரமுள்ள கோளத்தின் மேற்பகுதியாக ஒரு குன்றைக் கருதுங்கள். உச்சியில் தரை சமம். இறங்க இறங்கச் சரிவு கூடுகிறது. உச்சியிலிருந்து 36 மீட்டர் உயரம் இறங்கியதுமே சரிவு 35 பாகையாகிவிடும். அதற்குக் கீழே உள்ளதைப் பாறையின் வளைவே மறைத்துவிடுகிறது. ஏறுகிறவர் கடினமான பகுதியை முதலில் சந்திக்கிறார், முடியாவிட்டால் திரும்பிவிடலாம். வேறு பக்கமாக இறங்குகிறவர் எளிதான பகுதியில் நம்பிக்கையுடன் நடந்து, கடினமான பகுதியில் போய் மாட்டிக்கொள்கிறார். அத்துடன், வழுக்கத் தொடங்கியபின் உராய்வு மேலும் குறைகிறது. தடையின்றி 10 மீட்டர் விழுபவர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடுவார்.

நம் அருகில்

சோழவரம் ஏரிக்கரையைச் சுற்றி எங்கும் சமவெளிதான். ஆனால் விடுமுறை நாளில் சோழவரம், செங்குன்றம், கும்மிடிப்பூண்டி இளைஞர்கள் நாகலாபுரம் மலைக்கும் தடா அருவிக்கும் செல்வது வழக்கமாகிவிட்டது. அங்கே பனியில்லை, ஈரப்பாறை உண்டு, பாசி உண்டு. இன்னொன்றும் உண்டு. ஆல்ப்ஸில் கோடை அந்திவெளிச்சம் அரை மணிக்கு மேல் நீடிக்கும். நமது 13 பாகை அட்சரேகையில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், மறைந்து 20, 25 நிமிடங்களில் இருட்டிவிடும்.

ஆகவே செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். உச்சி எட்டாவிட்டாலும் நண்பகலில் திரும்புங்கள். ஏறிய வழியிலேயே இறங்குங்கள். தண்ணீரிலும் கைப்பேசியின் மின்கலத்திலும் பாதியை இறங்கு வழிக்கென ஒதுக்கி வையுங்கள். உச்சி என்பது பயணத்தின் பாதித் தொலைவு மட்டுமே.