கோழி, எலி, வெருகு

தாராசுரம் என்றதும் நினைவுக்கு வருவது இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். இந்திரனின் யானை ஐராவதம் வழிபட்ட தலம் என்பார்கள். அதே சோழநாட்டின் பழைய தலைநகர் உறையூருக்குக் 'கோழி' என்றே ஒரு பெயர் உண்டு. அங்கே ஒரு கோழி யானையையே எதிர்த்து வென்றதாம். கதையில் யானையை வென்ற கோழி, கொல்லைப்புறத்தில் ஒரு கீரியிடம் தோற்றுவிடுகிறதே, ஏன்?

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்ததல்ல. காட்டுப்பூனையைச் சங்கப் புலவர்கள் 'வெருகு' என்றார்கள். குறுந்தொகை 139-ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் ஒரு மாலைப்பொழுதைக் காட்டுகிறார். வேலிப்பக்கம் வெருகு வந்ததும் வீட்டுப் பெட்டைக்கோழி பயந்து குஞ்சுகளைக் கூப்பிடுகிறது. 107-ஆம் பாடலில், விடியலில் கூவி உறக்கத்தைக் கெடுத்த சேவலை வெருகுக்குட்டிக்கு இரையாகும்படி தலைவி சபிக்கிறாள். அந்தக் குட்டி நள்ளிரவில் வீட்டெலிக்காகக் காத்திருப்பது என்றும் புலவர் சொல்லிவிடுகிறார். விஷயமே அங்குதான் இருக்கிறது.

கோழி மனிதனிடம் வந்ததே தானியத்தால்தான் என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 1650-1250 காலத்து எலும்புகளே இதுவரை தெரிந்த மிகப் பழைய வீட்டுக்கோழிகளுடையவை. நெல் விளைந்த இடத்தைத் தேடிக் காட்டுக்கோழி வந்தது. காவிரிப்பூம்பட்டினத்திலும் இதே கதைதான். காயவைத்த நெல்லைக் கொத்த வந்த கோழியைப் பெண்கள் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டியதாகப் பட்டினப்பாலை கூறுகிறது.

நெல்லுக்குக் கோழி மட்டுமா வரும்? எலியும் வரும். எலிக்காக வெருகும் கீரியும் பாம்பும் வரும். வந்த இடத்தில் கோழியையும் பிடிக்கும்.

இதற்கு டெல்டா மக்கள் கண்ட வழி எளியது. பகலில் காக்கை, பருந்துக்குப் பயந்து குஞ்சுகளையும் தாயையும் மூங்கில் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடி, மேலே ஒரு கல்லை வைப்பார்கள். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் எண்ணிக் கூட்டில் அடைப்பார்கள். இப்போது கம்பிவலை வந்துவிட்டது. ஆனால் கீரி மண்ணைத் தோண்டும். ஆகவே வலையின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைக்க வேண்டும். கதவில் சிறு சந்துகூட இருக்கக்கூடாது.

கொன்றுவிட்டால் தொல்லை தீருமே என்று சிலர் நினைக்கலாம். கீரியும் காட்டுப்பூனையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, கொல்வது குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். வயலில் எலி பெருகினால் 'தஞ்சாவூர்க் கிட்டி' எனும் மூங்கில் பொறி வைத்துப் பிடிக்க ஆள் தேட வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். வெருகும் கீரியும் அதே வேலையைக் கூலியின்றிச் செய்கின்றன.

ஒரு பெட்டைக்கோழி போனால் முட்டைக் காசை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது பெரிய நஷ்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த நஷ்டத்தைத் தடுக்க ஒரு பஞ்சாரமும் ஒரு தாழ்ப்பாளும் போதும். எலி தின்ற நெல்லைத் திரும்பக் கொண்டுவர எந்தத் தாழ்ப்பாளும் கிடையாது.