ஏழு லட்சத்தை வேண்டாமென்ற பையன்

கேஜிஎஃப் என்றால் இப்போதெல்லாம் எல்லோருக்கும் யஷ் தாடியோடு நடந்து வரும் படம்தான் ஞாபகம் வருகிறது. எனக்கு அது சாம்பியன் ரீஃப் லைன் வீடு, ஷிப்டு சங்கு, அப்புறம் தாத்தா. சுரங்கத்தில் இறங்குவதற்கு முன்னால், சின்னப் பையனாக இருந்தபோது, தாத்தா துரைமார் கிளப்பில் டென்னிஸ் பந்து பொறுக்கினவர். மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் ஆட்டம் அத்துப்படி. "கிருஷ்ணன்னு நம்ம பையன், லண்டனுக்கே போய் வெள்ளைக்காரனை அடிச்சுட்டு வந்தான்டா" என்று அவர் சொல்லாத தீபாவளி கிடையாது.

இப்போது நான் குப்பை கொட்டுவது போலந்தில், கிராக்கோவ் நகரத்தில். அக்னியெஷ்கா ரத்வான்ஸ்காவின் ஊர். அப்பா ராபர்ட்டே கோச். 2005-ல் 16 வயதில் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், மறு வருடம் பிரெஞ்சு ஓபன் ஜூனியர், 2012-ல் விம்பிள்டன் பெரியவர்கள் ஃபைனல். என் மகள் டென்னிஸ் கற்கும் இடத்தில் இந்தக் கதையைச் சொல்லாத பெற்றோர் இல்லை. போன மாதம் கோச் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பொண்ணுக்குக் கை நன்றாக இருக்கிறது, பள்ளிக்கூட நேரத்தைக் குறையுங்கள் என்றார். கூடவே ஒரு வருடச் செலவைக் காகிதத்தில் எழுதி நீட்டினார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. தாத்தாவின் கிருஷ்ணன்தான் ஞாபகத்துக்கு வந்தார்.

ராமநாதன் கிருஷ்ணன் 1937 ஏப்ரலில் நாகர்கோவிலில் பிறந்தவர். அவருக்கும் அப்பாதான் கோச். டி.கே. ராமநாதன் தானே நல்ல ஆட்டக்காரர். 1951-ல், பள்ளிக்கூடப் பையனாக இருக்கும்போதே, கல்லூரி மாணவர்களுக்கான பெர்ட்ரம் போட்டியில் ஆட லயோலா கல்லூரியில் தனி அனுமதி கேட்டு, ஆடி, ஜெயித்தும் விட்டார். 1953-ல் விம்பிள்டன் சிறுவர் ஃபைனல் வரை போய் பில்லி நைட்டிடம் தோற்றார். அடுத்த வருடமே திரும்பிப் போய், 17 வயதில், ஆஷ்லி கூப்பரை ஜெயித்துப் பட்டம் வாங்கினார். ஆசியாவிலிருந்து அந்தப் பட்டத்தை வாங்கிய முதல் பையன். தோற்ற கூப்பர் லேசுப்பட்டவர் இல்லை, 1958-ல் விம்பிள்டன் சாம்பியனே ஆனவர். (கூப்பர் ஆஸ்திரேலியாக்காரர், இங்கிலீஷ்காரர் இல்லை. தாத்தாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை.)

1954-ல் எங்கள் சுரங்கம் இன்னும் ஜான் டெய்லர் கம்பெனி நிர்வாகத்தில்தான் இருந்தது. மைசூர் அரசாங்கம் எடுத்துக்கொண்டது 1956-ல்தான். சுதந்திரம் வந்து ஏழு வருடம் ஆகியும் துரைக்கு சலாம் போட்டவர்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் ஒன்று, தாத்தா "நம்ம பையன்" என்று சொன்னாலும், கிருஷ்ணன் வீட்டில் மட்டை இருந்தது, சொல்லிக் கொடுக்க அப்பா இருந்தார். லைன் வீட்டுப் பையன்களுக்கு ஹாக்கியும் ஃபுட்பாலும்தான் வாய்த்தது.

1959-க்கு வருவோம். அந்த வருடம் லண்டன் குவீன்ஸ் கிளப் போட்டியில் நீல் ஃப்ரேசரை ஜெயித்துப் பட்டம். டேவிஸ் கோப்பையில் ராட் லேவரையே தோற்கடித்தார். இத்தனைக்கும் அவருடைய சர்வீஸ் ஒன்றும் பீரங்கி இல்லை. பந்தை மெதுவாகத் தொட்டு, எதிராளி இல்லாத இடத்தில் வைக்கிற ஆட்டம். தொழில்முறை டென்னிஸ் நடத்திக்கொண்டிருந்த அமெரிக்கர் ஜாக் கிரேமர் கூப்பிட்டார். மூன்று வருட ஒப்பந்தம், 1,50,000 டாலர் உத்தரவாதம்.

பேங்க்காரன் புத்தி, கணக்குப் போடாமல் விடுமா? அப்போது ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசு. ஆக மொத்தம் 7 லட்சத்து 14 ஆயிரம் ரூபாய்! 1959-ல்!

கிருஷ்ணன் வேண்டாம் என்றுவிட்டார்.

அதன் விலை என்னவென்று புரிய அந்தக்கால விதி தெரிய வேண்டும். காசு வாங்கி ஆடினால் விம்பிள்டனுக்குள் நுழைய முடியாது, டேவிஸ் கோப்பையும் கிடையாது. விம்பிள்டனில் 1968-ல்தான் அந்தத் தடை போனது. அதுவரை விம்பிள்டனில் பரிசுப் பணமே இல்லை. பணத்தை விட்டதால்தான் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போக முடிந்தது. 61-ல் கால் இறுதியில் ராய் எமர்சனை நேர் செட்டில் அடித்தார். இரண்டு தடவையும் அவரை நிறுத்தியவர்கள் (ஃப்ரேசர், லேவர்) அந்தந்த வருடம் கோப்பையைத் தூக்கினார்கள். 1966-ல் இந்தியா டேவிஸ் கோப்பை ஃபைனலுக்குப் போனதும் அவர் ஆட்டத்தால்தான். பின்னாளில் சென்னையில் கேஸ் ஏஜென்சி நடத்தினார். மகன் ரமேஷ் 1979-ல், அப்பாவுக்குச் சரியாக 25 வருடம் கழித்து, அதே சிறுவர் பட்டத்தை வாங்கினார்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்தப் பணத்தை வேண்டாம்னு சொன்னது அவரா, அவங்க அப்பாவா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "நீ என்னடி சொல்ற?" என்று திருப்பிக் கேட்டேன். "யோசிக்கிறேன்பா" என்று மட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை கோச்சிடம் முடிவு சொல்ல வேண்டும். நான் இரண்டு வாரமாகத் தட்டிக்கொண்டிருந்த எக்ஸெல் ஷீட்டை நேற்று மூடி வைத்துவிட்டேன். அவள் சொல்லட்டும்.