பேரேட்டில் விடுபட்ட வரி

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் ‘மூத்த உறுப்பினர்கள்’ பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். வெள்ளைத் தொப்பியும் தடித்த கண்ணாடியுமாக ஒரு பெரியவரின் படம் இருக்கும். பெயர், ஊர், அதன் கீழே ‘மளிகை வியாபாரம்’. அவ்வளவுதான். அவர் 1943-இல் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா வரை போய்த் திரும்பியவர் என்று மலரைத் தொகுத்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

இந்தப் பொன்விழா மலருக்குப் பழைய படங்களைத் திரட்டும் வேலை நம் தலையில் விழுந்தது. தேக்காவில் கடை வைத்திருக்கிறோம், எல்லோரும் எப்படியும் அந்த வழியாக வந்துபோகிறார்கள் என்பதுதான் காரணம். மற்றபடி நாம் படித்தது பலதுறைத் தொழிற்கல்லூரியில், மின்னணுவியல் டிப்ளோமா. வரலாற்றுக்கும் நமக்கும் வெகுதூரம்.

ஒரு சனிக்கிழமை மாலை அந்தப் பெரியவரின் பேரன் பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே, சீருடையில் ஓர் இளைஞரின் சிறிய படம். அதனோடு, மடித்து மடித்து நான்காகக் கிழியும் நிலையில் ஒரு தட்டச்சுத் தாள். எழுத்து ஆங்கிலம், மொழி ஆங்கிலம் இல்லை. “இதுல எங்க நன்னா பேரு இருக்கு அண்ணே. பக்கத்துல தம்கான்னு இன்னொருத்தர் பேரும் இருக்கு. அவரு யாருன்னுதான் தெரியல” என்றார்.

நமக்கும் தெரியவில்லை. பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்திடம் காட்டினோம். அவர் ஒரு வரி படித்ததுமே சிரித்துவிட்டார். தம்கா என்பது ஆள் இல்லை, பதக்கம். ‘தம்கா-இ-பஹாதுரி’ என்றால் வீரப் பதக்கம். இந்திய தேசிய ராணுவம் ஹிந்துஸ்தானியை ஆங்கில எழுத்தில் எழுதி ஆணைகள் பிறப்பித்தது. வடக்கத்தியரும் தமிழரும் கலந்த படைக்கு அதுதான் பொதுவழி.

ஆனால் தாளின் அடிப்பகுதி கிழிந்து போயிருந்தது. கையொப்பம் இருந்திருக்க வேண்டிய இடம் அது.

இதை மலரில் எப்படிப் பதிவது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சில மாதங்கள் நூலகத்துக்கும் ஆவணக் காப்பகத்துக்கும் அலைந்தோம். அதில் தெரிந்துகொண்டதை உறுப்பினர் குடும்பங்களோடு பகிர்வதுதான் இக்கட்டுரை.

கதையின் தொடக்கம் நம் பேட்டையிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்தது. இரண்டு நாள் கழித்து, 17-ஆம் தேதி, 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். அவர் அங்கேயே கேப்டன் மோகன் சிங்கின் கையில் ஒப்படைத்தார். நம் பிள்ளைகள் பந்து விளையாடிய இடத்தில் ஒரு படை கைமாறியிருக்கிறது. அந்த முதல் படை அவ்வாண்டு டிசம்பரிலேயே கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்த பிறகுதான் மறுபடி எழுந்தது. ஜூலை 4 அன்று கேத்தே கட்டடத்தில் தலைமை ஏற்றார். மறுநாள் பாடாங்கில் அணிவகுப்பு. அக்டோபர் 21 அன்று அதே கேத்தேயில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது.

இந்த இரண்டாவது படையில் இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். ஒருவர், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் ஏற்கெனவே சிப்பாயாக இருந்தவர். அவருக்கென்று ஒரு சேவைப் பதிவேடு உண்டு. மற்றவர் தோட்டத் தொழிலாளி, குமாஸ்தா, கடைச் சிப்பந்தி. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இப்படிச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். நம் பெரியவரும் அவர்களில் ஒருவர். அவர் பெயர் அதற்கு முன் எந்த ராணுவப் பேரேட்டிலும் ஏறியதே இல்லை.

போர் முடிந்ததும் முதல் வகையினரின் பதிவேட்டில் கறை விழுந்தது. பிரிட்டிஷார் அவர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். கறுப்பு என்று குறிக்கப்பட்டவர்கள் பணிநீக்கமும் செய்யப்பட்டு, சம்பள பாக்கியையும் இழந்தார்கள். ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் மூவர் மீதும் 1945 நவம்பர் 5 அன்று டில்லி செங்கோட்டையில் விசாரணை தொடங்கியது. முஸ்லிம், இந்து, சீக்கியர் மூவரையும் ஒரே கூண்டில் நிறுத்தியதால் நாடே ஒன்றாகக் கொதித்தது. ஆயுள் தண்டனை விதித்தார்கள், 1946 ஜனவரி 3 அன்று தளபதி ஆக்கின்லெக் அதை விலக்கிக்கொண்டார். ஆனால் பதவிப் பறிப்பும் சம்பளப் பறிமுதலும் அப்படியே நின்றன. இந்தியா விடுதலை அடைந்த பிறகும் இவர்களை ராணுவத்தில் மீண்டும் சேர்க்கவில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி.

பதக்கங்களின் கதி இன்னும் மோசம். ஷேர்-இ-ஹிந்த், சர்தார்-இ-ஜங், வீர்-இ-ஹிந்த், ஷஹீத்-இ-பாரத் என்று போஸ் பதக்க வரிசை ஒன்றை ஏற்படுத்தியிருந்தார். 1944 ஏப்ரல் 14 அன்று மணிப்பூரின் மொய்ராங்கில் கொடியேற்றிய ஷௌகத் மாலிக், சர்தார்-இ-ஜங் பெற்றவர். வியாபாரிகளுக்கும் இதில் பங்குண்டு. ரங்கூனின் மேமன் வணிகர் அப்துல் ஹபீப் யூசுப் மர்ஃபானி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சொத்தைக் கொடுத்து ‘சேவக்-இ-ஹிந்த்’ விருது பெற்றார். (நாம் கடை வாடகைக்கே யோசிக்கிறவர்கள், இதைப் படித்தபோது சற்று நேரம் பேச்சு வரவில்லை.) இவற்றைக் கொடுத்த அரசு 1945-இல் மறைந்துவிட்டது. தோற்ற அரசின் பதக்கத்தை வென்ற அரசு யாருடைய ஏட்டிலும் ஏற்றாது.

பெயர்களும் குழம்பின. நம் சமூகத்துக்கு நெருக்கமான உதாரணம் கரீம் கனி. அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து பர்மா சென்று அரசியலில் வளர்ந்து, போஸின் தற்காலிக அரசில் ஆலோசகராக இருந்த தமிழ் முஸ்லிம். போருக்குப் பின் சிங்கப்பூரில் பத்திரிகையாளராக விளங்கியவர். அந்த அரசின் உறுப்பினர் பட்டியலை அச்சிட்ட ஆங்கில நூல்களில் அவர் பெயர் ‘கரீம் கியானி’ என்று இருக்கிறது. அதே படையில் தளபதி முகமது ஜமான் கியானி என்று வடக்கத்தியர் ஒருவரும் இருந்ததால், படிப்பவர் இவரையும் அந்தப் பக்கத்து ஆள் என்றே நினைத்துக்கொள்வார். அரசின் ஆலோசகராக இருந்தவருக்கே இந்தக் கதி என்றால் கடைச் சிப்பந்திக்கு என்ன நடந்திருக்கும்?

கணக்கு எழுதும் நமக்கெல்லாம் ஒரு விதி தெரியும். பேரேட்டில் தவறு கண்டால் ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. பழைய பதிவை விட்டுவிட்டு, தேதி போட்டுத் திருத்தப் பதிவு எழுத வேண்டும். ராணுவப் பதிவேடுகளையும் இப்படித்தான் திருத்துகிறார்கள் என்பது நமக்கு வியப்பாக இருந்தது. அமெரிக்காவில் வீரர் பணியிலிருந்து விலகும்போது ‘டிடி 214’ என்ற சான்று தருவார்கள். அதில் ஒரு பதக்கம் விடுபட்டிருந்தால் விண்ணப்பித்து நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் பழைய தாளில் கைவைக்க மாட்டார்கள், ‘டிடி 215’ என்று ஒரு திருத்தத் தாளைச் சேர்த்துத் தருவார்கள். 1973 ஜூலையில் அந்நாட்டின் செயின்ட் லூயிஸ் நகர ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்து 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையான கோப்புகள் அழிந்தன. அப்போதும் கதவை மூடிவிடவில்லை. சம்பளப் பட்டியல், அன்றாட வருகை அறிக்கை போன்ற பக்கச் சான்றுகளை வைத்துப் பதிவுகளைத் திரும்பக் கட்டினார்கள்.

இந்தியாவிலும் திருத்தப் பதிவு தாமதமாகத்தான் வந்தது. சுதந்திர வெள்ளி விழாவை ஒட்டி 1972 ஆகஸ்ட் 15 முதல் தியாகிகளுக்கு மாதம் 200 ரூபாய் ஓய்வூதியம் அறிவித்தபோது இந்திய தேசிய ராணுவத்தினரும் அதில் சேர்ந்தார்கள். ஆனால் ஆதாரம் கேட்டார்கள். சிறைச் சான்று, அது இல்லையென்றால் உடனிருந்த கைதிகளின் சான்று. ஏடே இல்லாதவர் எதைக் காட்டுவார்? உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் இதைத் தளர்த்தியது. தியாகி தாமதமாகக் கேட்டார் என்பதற்காக மறுக்கக் கூடாது என்றது 1993-ஆம் ஆண்டு முகுந்த் லால் பண்டாரி வழக்கு. குற்ற வழக்கில் கேட்கிற அளவுக்கு அப்பழுக்கற்ற நிரூபணம் தேவையில்லை, நடந்திருக்கக்கூடும் என்று நம்ப இடமிருந்தால் போதும் என்றது 2001-இன் குர்தியால் சிங் வழக்கு. பாதுகாப்பு அமைச்சு 1997-இல் இந்தப் படை தொடர்பான 990 கோப்புகளை டில்லி தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்தது. 2019 குடியரசு தின அணிவகுப்பில் முதன்முறையாக இப்படையின் மூத்த வீரர்கள் நான்கு பேர் இடம்பெற்றார்கள். நான்கு பேருமே 90 வயதைத் தாண்டியவர்கள். 

சிங்கப்பூரின் திருத்தப் பதிவு எஸ்பிளனேட் பூங்காவில் நிற்கிறது. அங்கே 1945 ஜூலை 8 அன்று போஸ், மடிந்த வீரர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்ப அடிக்கல் நாட்டினார். ‘இத்திஃபாக், இத்திமாத், குர்பானி’ என்பது அதில் பொறித்த சொற்கள். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல், தேசிய மரபுடைமைக் கழகம் அதே இடத்தில் ஒரு நினைவுக் குறியீட்டை நிறுவியது. இடித்ததை மறுபடி கட்டவில்லை. இங்கே இப்படி ஒன்று இருந்தது, இடிக்கப்பட்டது என்று எழுதிவைத்தார்கள். நமக்கு அது பிடித்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் ஒருபக்கக் கணக்காகிவிடும். ஃபேரர் பார்க்கில் நின்றவர்களில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர மறுத்தவர்களும் ஏராளம். அவர்களில் பலரை ஜப்பானியர் நியூ கினி பக்கம் வேலைக்கு அனுப்பினார்கள், திரும்பாதவர்கள் அநேகர். கிராஞ்சி நினைவகச் சுவரில் 24,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. நாம் போய்ப் பார்த்தபோது இந்தியப் படைப்பிரிவுகளின் கீழ் முகமது, அலி, கான் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. இரண்டு பக்கமும் நம்மைப் போன்ற குடும்பங்களின் பிள்ளைகள்தாம்.

பெரியவர் ஏன் வாயே திறக்கவில்லை என்று பேரனிடம் கேட்டோம். பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது அந்தப் படத்தை அரிசி டின்னுக்கு அடியில் வைத்து மறைத்ததாக அவர் பாட்டியார் சொன்னதுண்டாம். பிற்காலத்தில் பேரன் கேட்டபோது, “அதெல்லாம் முடிஞ்ச கணக்கு வாப்பா” என்று சொல்லிவிட்டு நன்னா தொழப் போய்விட்டாராம்.

மலர்க் குழுவில் இரண்டு மணி நேரம் பேசினோம். ‘வீரப் பதக்கம் பெற்றவர்’ என்று கொட்டை எழுத்தில் போடலாம், சங்கத்துக்கே பெருமை என்றார் ஒருவர். கையொப்பம் இல்லாத தாளை நம்பி எழுதினால் நாளைக்கு யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றார் இன்னொருவர். நமக்கு இரண்டாமவர் சொன்னதில்தான் மனம் ஒட்டியது. ஆனால் பதக்கத்தை அடியோடு விட்டுவிடவும் மனமில்லை. கிழிந்த தாளும் ஒரு தாள்தானே. உள்ளதை உள்ளபடி எழுதுவது என்று முடிவாயிற்று. இம்மலரின் மூத்த உறுப்பினர்கள் பக்கத்தில், அவர் படத்தின் கீழ் இப்படி இருக்கும்: ‘மளிகை வியாபாரம். 1943-இல் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மா சென்றவர். தம்கா-இ-பஹாதுரி பதக்கம் பெற்றதாகக் குடும்பத்திடம் உள்ள தட்டச்சுத் தாள் கூறுகிறது. தாளின் கையொப்பப் பகுதி கிழிந்துள்ளது.’ வெள்ளி விழா மலரின் பதிவையும் பக்கத்திலேயே அச்சிடுகிறோம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டின் இருக்கலாம். இந்திய சுதந்திர லீக்கின் நன்கொடை ரசீது, சீருடைப் படம், முகாமிலிருந்து வந்த கடிதம், எதுவானாலும் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம், லேமினேட் செய்யவும் வேண்டாம். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்துப் படியெடுங்கள், பெயர் எந்த எழுத்துக்கூட்டில் இருக்கிறதோ அப்படியே குறித்துவையுங்கள். பாட்டிமார் இருந்தால் இந்த வாரமே கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.

பேரன் தாளின் படியை எடுத்துக்கொண்டு டில்லிக்கு எழுதியிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. டின் நம் கடையில்தான் இருக்கிறது. வரும் ஞாயிறு அவர் பெற்றுக்கொள்ள வருகிறார்.