லிக்ஸ் தொகுப்பியில் மேற்கோள் பேக்கேஜ் ஆப்ஷன்கள்: இடமும் வரிசையும்

1. ஆய்வுப் பொருள்

மத்தியாஸ் எட்ரிக் 1995இல் தொடங்கிய லிக்ஸ், நாம் திரையில் தட்டச்சு செய்வதை லேடெக் கோப்பாகத் தானே எழுதிக்கொள்ளும். மேற்கோள் பேக்கேஜை ஏற்றும் வரியையும் அதுவே எழுதுகிறது. ஆய்வேடு எழுதுவோர் இடறுவது பெரும்பாலும் இந்த வரியில்தான். ஆப்ஷனின் பெயர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பேக்கேஜ் ஏறும்போது அது கையில் கிடைக்க வேண்டும்.

2. நாட்பிப்: மோதல் பிறக்கும் விதம்

பாட்ரிக் டேலி எழுதிய நாட்பிப் என்ற மேற்கோள் பேக்கேஜைத் தேர்ந்தால், எண்முறைக்கு ‘நம்பர்ஸ்’, ஆசிரியர்-ஆண்டு முறைக்கு ‘ஆதர்இயர்’ என்ற ஆப்ஷனை லிக்ஸ் தானே சேர்க்கும். எண்முறையில் எழுதுபவருக்கு [7, 3, 5, 4] என்று சிதறிக் கிடப்பது பிடிக்காது. [3–5, 7] என்று வர வேண்டும். அதற்கான ஆப்ஷன் ‘சார்ட்&கம்ப்ரஸ்’. அதைப் பெறுவதற்காகப் பிரியாம்பிளில் (ஆவண உரைக்கு முந்தைய அமைப்புப் பகுதியில்) நாட்பிப்பை மறுபடி ஏற்றினால் ‘ஆப்ஷன் கிளாஷ்’ என்ற பிழை எழும். ஏற்கெனவே ஏறிவிட்ட பேக்கேஜை, முதலில் தராத ஆப்ஷனோடு லேடெக் மீண்டும் ஏற்காது. அதே ஆப்ஷன்களோடு இரண்டாம் முறை அழைத்தால் சத்தமில்லாமல் கடந்துவிடும். பிழை சில கோப்புகளில் வந்து சிலவற்றில் வராததற்கு இதுவே காரணம்.

‘செட்சைட்ஸ்டைல்’ கட்டளை பின்னாலும் வேலை செய்யும். ஆனால் அடைப்புக்குறி, காற்புள்ளி போன்றவற்றைத்தான் அது மாற்றும், வரிசைப்படுத்தாது.

3. உரிய இடம்

2018இல் வந்த லிக்ஸ் 2.3 பதிப்பு, ஆவண அமைப்புகளின் நூற்பட்டியல் பக்கத்தில் ஆப்ஷன்களுக்கென்றே ஒரு பெட்டி தந்தது. அதில் எழுதுவது லிக்ஸின் சொந்த வரிக்குள்ளேயே போய் அமர்கிறது. மூலக் காட்சியைத் திறந்து முழுப் பிரியாம்பிளைப் பார்த்தால், ‘நம்பர்ஸ்’ என்பதை அடுத்து நம் சொல் நிற்பதைக் காணலாம்.

முந்தைய பதிப்புகளில் ஆவண வகுப்பின் ஆப்ஷன் பெட்டிதான் வழி. அங்கே இடுவது பொது ஆப்ஷன். அந்தப் பெயரை அறிந்த எல்லாப் பேக்கேஜும் அதை எடுத்துக்கொள்ளும். வகுப்புக்கென்று ‘டிராஃப்ட்’ கொடுத்தால் கிராஃபிக்ஸ் பேக்கேஜும் படங்களை மறைத்து வெறும் சட்டம் காட்டுவது இதனால்தான். புதிய பதிப்பு கையில் இருக்கையில் இவ்வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

4. பிப்லேடெக்

மற்றொரு மேற்கோள் பேக்கேஜான பிப்லேடெக்கை லிக்ஸ் நேரடியாக ஏற்றுக்கொண்டதும் 2.3இல்தான். நடையை உரையாடல் பெட்டியிலேயே தேரலாம். மேற்கோளுக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று என்று பிரித்தும் கொடுக்கலாம். எஞ்சியவை ஆப்ஷன் பெட்டிக்கு. முக்கியமானது பெயர் எண்ணிக்கை: இயல்பாக ‘மேக்ஸ்நேம்ஸ்’ 3. நான்கு பேர் எழுதிய கட்டுரையில் முதல் ஆசிரியர் மட்டுமே பட்டியலில் நிற்பார், மற்ற மூவரும் ‘பிறர்’ ஆகிவிடுவார்கள். உழைத்தவர் பெயர் ஓரிடத்திலாவது முழுமையாக வர வேண்டும். ‘மேக்ஸ்சைட்நேம்ஸ்=2, மேக்ஸ்பிப்நேம்ஸ்=99’ என்று இட்டால் உரைக்குள் சுருக்கமும் பட்டியலில் எல்லாப் பெயரும் கிடைக்கும்.

5. விலக்கு

எல்சேவியர் இதழ்களுக்கான எல்ஸ்ஆர்ட்டிக்கிள் வகுப்பு நாட்பிப்பைத் தானே ஏற்றிவிடும். வகுப்பு முதலில் படிக்கப்படுவதால், பேக்கேஜ் ஏறுமுன் அதற்கு ஆப்ஷனை அனுப்பும் ‘பாஸ்ஆப்ஷன்ஸ்டூபேக்கேஜ்’ கட்டளையைப் பிரியாம்பிளில் எழுதினாலும் காலம் கடந்துவிடும். அவ்வகுப்பே இதற்கென ‘பிப்ஆப்ஷன்ஸ்’ கட்டளையை வைத்திருக்கிறது. பிரியாம்பிளில் எழுத வேண்டியது அதைத்தான்.