விளம்பரம் வரைந்த பெண்ணுடல்: வல்லம் வடகாலும் மணமான பெண்களும்

ஐபோன் தயாரிப்பு வேலைக்கு பாக்ஸ்கானின் ஆள்சேர்ப்பு முகவர்கள் வெளியிட்ட விளம்பரங்கள் பெண்ணுடலுக்கு இரண்டு நிபந்தனைகள் விதித்தன: குறிப்பிட்ட வயது, மணமாகாமை. 2023 ஜனவரி முதல் 2024 மே வரை வெளியான இவற்றை ராய்ட்டர்ஸ் 2024 ஜூனில் அம்பலப்படுத்தியது. கர்ப்பம், குடும்பப் பொறுப்பு ஆகியவற்றோடு, மெட்டியும் தாலியும் உற்பத்திக்கு இடையூறு என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டது. (நகைதான் சிக்கலென்றால், மணமாகாதவர் அணியும் நகை மட்டும் எப்படி விலக்கு பெறும்?) பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனம் மறுத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் ஒன்றிய, மாநில அரசுகளிடம் அறிக்கை கோரியது.

இப்பார்வை பழையது. முதல் கர்ப்பத்திலேயே விமானப் பணிப்பெண்ணை நீக்கும் விதியை 1981இல் நர்கேஷ் மிர்சா வழக்கில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பணியின் முதல் நான்காண்டுகளில் மணம் புரியத் தடை என்ற விதியை ஏற்றுக்கொண்டது.

நடவு வயலிலும் செங்கல் சூளையிலும் தலித் பெண்ணிடம் மணமானவளா என்று எவரும் கேட்டதில்லை. கர்ப்பிணியாகவும் மூதாட்டியாகவும் அவள் உழைத்தே வந்திருக்கிறாள். ஆலை வேலை வந்தபோதுதான் அவளது தாலி தடையாயிற்று.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட மகளிர் விடுதி திறக்கப்பட்டது. பெண் முன்னேற்றத்தின் அடையாளமாக அது கொண்டாடப்பட்டது. 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சானதால் நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்த பெண்களின் உடல்கள் அக்கொண்டாட்டச் சித்திரத்தில் இல்லை.

விளம்பரங்களிலிருந்து வயது, பாலினம், மணநிலை ஆகியவற்றை நீக்குமாறு முகவர்களுக்கு நிறுவனம் அறிவுறுத்தியதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. இனி வெளியாக வேண்டியது, உற்பத்தி வரிசையில் தாய்மார்கள் எத்தனை பேர் என்ற கணக்கு.