பழுதற்ற மரபணு, மிகுந்த புரதம்

டவுன் நோய்க்குறியோடு ஒரு குழந்தை பிறந்த வீட்டில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் மருத்துவத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. "எங்க வம்சத்துல இப்படி யாருமே இல்லையே, இது யார் வழியில வந்துச்சு?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்பவர் மாமியாராக இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் அந்தக் கேள்வி போய் நிற்கும் இடம் பிள்ளை பெற்ற தாய். பிரசவ வலி ஆறுவதற்குள் அவள் மேல் ஏற்றப்படும் இந்தப் பழிக்கு அறிவியலில் எந்த ஆதாரமும் கிடையாது. இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதைவிட, ஒரே ஒரு மரபணுவை எடுத்து, அது செய்யும் வேலையைப் படிப்படியாகக் காட்டினால் மனத்தில் தங்கும் என்று நம்புகிறேன். அந்த மரபணுவின் பெயர் டைர்க்-1ஏ.

ஆங்கில மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் இந்தக் குழந்தைகளின் பொதுவான தோற்றக் கூறுகளை 1866-ல் எழுதி வைத்தார். காரணம் தெரிய மேலும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மனித உயிரணுவில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்ற கணக்கே 1956-ல்தான் உறுதியானது. அதே ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பயிற்சி முடித்துப் பாரிஸ் திரும்பிய மார்த் கோத்தியே என்ற இளம் மருத்துவர், ட்ரூசோ மருத்துவமனையில் உயிரணு வளர்ப்புக்காக ஓர் ஆய்வுக்கூடத்தைத் தானே உருவாக்கினார். கண்ணாடிக் கலங்கள் வாங்கக் கடன் எடுத்தார். உயிரணுக்களுக்கு ஊட்டமாக வேண்டிய சீரத்துக்குச் சேவல் வளர்த்தார், தன் சொந்த இரத்தத்தையும் எடுத்துக்கொண்டார். 1958-ல் டவுன் நோய்க்குறியுள்ள குழந்தையின் உயிரணுவில் 47-ஐ எண்ணியவர் அவரே. அவரிடம் நுண்ணோக்கிப் படம் எடுக்கும் கருவி இல்லை. கண்ணாடித் தகடுகளைப் படம் எடுக்க வாங்கிச் சென்ற சக ஆய்வாளர் ஜெரோம் லெஜூனின் பெயர்தான் 1959 ஜனவரியில் வெளியான கட்டுரையின் முதலில் இருந்தது. கோத்தியேயின் பெயர் இரண்டாவதாக, எழுத்துப் பிழையோடு அச்சானது. 2022-ல் தம் 96-ஆம் வயதில் அவர் மறைந்தார். டவுன் நோய்க்குறியின் வரலாற்றை எழுதும் எவரும் கோத்தியேயின் பெயரை முதலில் எழுதவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவர் எண்ணிய அந்த ஒன்று, இருபத்தொன்றாம் குரோமோசோமின் மூன்றாவது படி. ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளிடம் இது தனியாக நிற்கிறது. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது இரண்டு குரோமோசோம்கள் பிரியாமல் ஒரே பக்கம் போய்விட்டதன் விளைவு அது. தாயின் வயது ஏற ஏற இதற்கான வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் இது எந்த வம்சத்திலிருந்தும் இறங்கி வருவதில்லை. நூற்றில் மூன்று நான்கு பேரிடம் மட்டும் கூடுதல் பகுதி வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். பெற்றோரில் ஒருவர், தாயோ தந்தையோ, தமக்கு எந்தப் பாதிப்பும் இல்லாமல் அந்த ஒட்டைச் சுமந்திருக்கலாம். அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன் குரோமோசோம் பரிசோதனை அவசியம் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

இருபத்தொன்றாம் குரோமோசோமின் முழு எழுத்துவரிசை 2000-ஆம் ஆண்டு வெளியானது. அப்போது அதில் 225 மரபணுக்கள் இருப்பதாகக் கணித்தார்கள். மனிதக் குரோமோசோம்களில் இதுவே மிகச் சிறியது. டவுன் நோய்க்குறியில் இந்த மரபணுக்களில் எதுவும் கெட்டுப்போவதில்லை. மூன்று படிகளும் நல்ல படிகள். இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று இருப்பதால், அவற்றின் புரதங்கள் பொதுவாக ஒன்றரை மடங்கு உருவாகின்றன. இந்த ஒன்றரை மடங்கு எந்தப் புரதத்தில் எவ்வளவு வேறுபாட்டைச் செய்கிறது என்பதே ஆய்வாளர்கள் முன் நிற்கும் பெரிய கேள்வி.

டைர்க்-1ஏ-க்கு இட்டுச் சென்ற முதல் தடயம் பழ ஈயிடமிருந்து கிடைத்தது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் மார்ட்டின் ஹைசன்பர்க் (இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பர்கின் மகன்) ஈக்களின் மூளையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரது ஆய்வுக்கூடத்தில் கிடைத்த ஒரு வகை ஈக்கு மூளை சிறுத்திருந்தது. கண்ணிலிருந்து செய்தி பெறும் மடல்கள் குறிப்பாகச் சுருங்கியிருந்தன. அந்த ஈக்கு 'மினிபிரெய்ன்' என்று பெயர் வைத்தார்கள். அதற்குக் காரணமான மரபணு 1995-ல் பிரித்தறியப்பட்டது. அதன் மனித இணை எங்கே என்று தேடியபோது, டவுன் நோய்க்குறிக்கு முக்கியம் என்று ஏற்கனவே குறித்து வைத்திருந்த பகுதியிலேயே, இருபத்தொன்றாம் குரோமோசோமின் நீண்ட கையில், அது இருந்தது. 1997-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஓர் ஆய்வுக்குழு அந்தப் பகுதியை மனித டி.என்.ஏ. துண்டுகளாக எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தது. இந்த மரபணுவைச் சுமந்த எலிகள் கற்றலில் பின்தங்கின.

இனி அந்தப் புரதத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். 763 அமினோ அமிலங்களால் ஆன நொதி இது. கைனேஸ் என்ற இனத்தைச் சேர்ந்தது. கைனேஸ்களின் வேலை மற்றப் புரதங்களின் மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதித் தொகுதியைப் பதிப்பது. அது பதிந்ததும் புரதத்தின் நடத்தை மாறும். ஒன்று விழிக்கும், இன்னொன்று அடங்கும், வேறொன்று சிதைவுக்கு அனுப்பப்படும். பெரும்பாலான கைனேஸ்களை வேறொரு நொதி வந்து எழுப்பவேண்டும், வேலை முடிந்ததும் மற்றொன்று வந்து அணைக்கவேண்டும். டைர்க்-1ஏ அப்படியில்லை. அது உருவாகிக்கொண்டிருக்கும்போதே, புரதங்களைக் கட்டும் ரைபோசோமை விட்டு முழுமையாக வெளிவருமுன்பே, தன் 321-ஆம் இடத்திலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் தானே பாஸ்பேட்டைப் பதித்துக்கொள்கிறது. அந்த ஒரு பதிவோடு நொதி விழித்துவிடுகிறது. அதன்பின் டைரோசினை விட்டுவிட்டு, மற்றப் புரதங்களின் செரின், திரியோனின் இடங்களில் மட்டுமே வேலை செய்கிறது. பிறக்கும்போதே விழித்துக்கொள்ளும் நொதி இது. உயிரணு இதன் செயலைப் பெரிதும் இதன் அளவால்தான் கட்டுப்படுத்தவேண்டியிருக்கிறது. எத்தனையோ மரபணுக்களுக்கு மூன்றாவது படி பெரிய பொருட்டாக இல்லாதபோது, இதற்கு மட்டும் அது இத்தனை பாரமாவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

மூளை வளரும் பருவத்தில் இதன் விளைவைப் பாருங்கள். நரம்பணுக்களை ஈனும் தாயணுக்கள் மீண்டும் மீண்டும் பிரிந்து பெருகவேண்டும். பிரிவதற்குத் தூண்டும் புரதங்களில் ஒன்று சைக்ளின் டி1. டைர்க்-1ஏ அதன் மேல் பாஸ்பேட்டைப் பதித்ததும் அது சிதைவுக்குப் போகிறது. நொதி மிகுந்தால் தூண்டுபவை விரைவாகக் குறைகின்றன, பிரிவு தாமதப்படுகிறது, கடைசியில் கிடைக்கும் நரம்பணுக்களின் எண்ணிக்கை குறைகிறது.

2006-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு கிராப்ட்ரீ குழு மற்றொரு வழியைக் காட்டியது. என்ஃபாட் என்ற புரதம் உட்கருவுக்குள் போனால்தான் இதயம், இரத்தக்குழாய், எலும்பு முதலியவற்றின் வளர்ச்சிக்கான பல மரபணுக்கள் இயங்கும். கால்சினியூரின் என்ற நொதி பாஸ்பேட்டை நீக்கி அதை உள்ளே அனுப்புகிறது. டைர்க்-1ஏ மீண்டும் பாஸ்பேட் பதித்து வெளியேற வைக்கிறது. ஆர்கேன்-1 என்ற இன்னொரு புரதம் கால்சினியூரினையே தடுக்கிறது. அந்த ஆர்கேன்-1-இன் மரபணுவும் இருபத்தொன்றாம் குரோமோசோமில்தான் இருக்கிறது! உள்ளே அனுப்புபவரைத் தடுப்பதும் ஒன்றரை மடங்கு, வெளியே தள்ளுவதும் ஒன்றரை மடங்கு. தனித்தனியே சிறியவையான இரண்டு மிகைகள் ஒரே இடத்தில் சேரும்போது விளைவு பெரிதாகிறது.

அப்படியானால் இந்தப் புரதத்தை ஒழித்துவிடலாமே என்று தோன்றும். அது மிகத் தவறான முடிவு. இந்த மரபணு முற்றிலும் நீக்கப்பட்ட எலிகள் கருவிலேயே இறந்துவிடுகின்றன. மனிதரில் ஒரு படி செயலிழந்தால் தலை சிறுத்து, பேச்சு தாமதித்து, பால் குடிக்கவே சிரமப்பட்டு, வலிப்போடு வளரும் குழந்தைகளை 2008 முதல் மருத்துவ இலக்கியம் பதிவுசெய்து வருகிறது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கூடினால் வாய் வெந்துபோகும், குறைந்தால் வாய் சிவக்காது. டைர்க்-1ஏ-யும் அந்த வகைதான். ஒரு படி குறைந்தாலும் ஒரு படி கூடினாலும் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது.

பெரியவர்களான பிறகும் இதன் கை நீள்கிறது. டவுன் நோய்க்குறியுள்ளவர்களுக்கு அல்சைமர் நோய் இளவயதிலேயே வருவதற்கு முதன்மைக் காரணம் அதே குரோமோசோமிலுள்ள ஏ.பி.பி. மரபணு. நரம்பணுவுக்குள் முடிச்சாகத் திரளும் டாவ் புரதத்தின் மேல் பாஸ்பேட் பதித்து டைர்க்-1ஏ-யும் அதற்குத் துணைபோகிறது. இதயத்திலும் இதற்குப் பங்குண்டு. இக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இதயக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். 2024-ல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட எலி ஆய்வில், மற்ற மரபணுக்களை மூன்று படிகளாகவே விட்டு, டைர்க்-1ஏ-யை மட்டும் இரண்டாகக் குறைத்தபோது இதயச் சுவர்க் குறைபாடு சரியானது. ஆனால் தனியாக இது மட்டும் மூன்றானால் போதாது, வேறொரு மரபணுவும் சேர்ந்தால்தான் குறைபாடு தோன்றுகிறது என்பதையும் அவர்களே கண்டார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் டைர்க்-1ஏ என்று எழுதும் பரபரப்புச் செய்திகளை நம்பவேண்டாம்.

மிகையைச் சற்றே குறைக்கும் மருந்துக்கான தேடல் நடக்கிறது. பச்சைத் தேயிலையிலுள்ள இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் இந்த நொதியைத் தடுக்கும். ஸ்பெயினின் பார்சிலோனாவில் 84 இளைஞர்களிடம் அறிவுப் பயிற்சியோடு சேர்த்து ஓராண்டு கொடுத்துப் பார்த்த முடிவு 2016-ல் வெளியானது. நினைவாற்றலின் சில கூறுகளில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. சிறு முன்னேற்றம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஏனெனில் இந்தச் செய்தியின் பேரில் தேயிலைச் சாறு மாத்திரைகளைப் பெற்றோர் தாங்களாகவே வாங்கிக் கொடுக்கத் தொடங்கிவிடக்கூடும். அடர்த்தியான தேயிலைச் சாறு அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். எலிக்குட்டிகளிடம் குறைந்த அளவு முகவளர்ச்சிக்கு உதவியதும், மிகுந்த அளவு அதைக் குலைத்ததும் பதிவாகியிருக்கின்றன. கடற்பஞ்சு ஒன்றின் வேதிப்பொருளைப் பின்பற்றிப் பிரான்சில் வடிவமைத்த லியூசெட்டினிப்-21 என்ற மருந்து மனிதரிடம் முதற்கட்ட ஆய்வுக்கு வந்திருக்கிறது. நம்பிக்கையோடு காத்திருக்கத் தகுந்த முயற்சி அது.

காத்திருக்கும் காலத்தில் செய்யவேண்டியவை ஏற்கனவே நம் கையில் இருக்கின்றன. குழந்தை பிறந்தவுடன் இதயத்துக்கு எக்கோ, தைராய்டு, காது, கண் பரிசோதனைகள், தசைகளுக்கும் பேச்சுக்கும் முதல் மாதங்களிலேயே தொடங்கும் பயிற்சி ஆகியவற்றைத் தள்ளிப்போடாதீர்கள். டைர்க்-1ஏ-யைக் குறைக்கும் என்று சொல்லி விற்கும் எந்தப் பொடியையும் மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வரும் உறவினர் "யார் வழியில வந்துச்சு?" என்று கேட்டால், பிள்ளை பெற்றவளைப் பதில் சொல்ல விடாதீர்கள், நீங்கள் சொல்லுங்கள்.